ஊதாத சங்கு

அந்த ஊரில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவரான வேன் டிரைவருக்கும் அவள் அக்காதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் வாஞ்சையாக, “ஏறு தங்கச்சி” என்றார். ஏற வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். “அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே. அந்த உறவு எனக்குத் தீர்ந்துபோச்சு” என்றாள். அன்றிலிருந்து அவரும் அக்கா என்று மாற்றிக்கொண்டார்.

காலையிலும் சாயங்காலமும் ஊருக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும். அந்த நேரங்களில் மலையடிவார மின்நிலையத்தில் மெஷின்கள் ஓடும். ஓடினால் அணைத் தண்ணீர் ஆற்றுக்குள் பாயும். கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த ஆறு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் உயரம் ஏறிவிடும். அதற்கு முன்னால் கரையோரமாக வேனில் போய் எச்சரிப்பதுதான் அவள் வேலை. “மின்நிலையத்திலிருந்து தண்ணீர் திறக்கப்படுகிறது. ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனே கரையேறுங்கள்.” அந்தக் குரல் கேட்டதும் தூண்டில் போட்டவன் தூண்டிலைச் சுருட்டுவான். மணல் அள்ளுகிறவன் கூடையைத் தூக்குவான். பாறை மறைவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் ஒன்றும் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள்.

இது நிலையம் எழுதிக் கொடுத்த அறிவிப்பு. அதற்குப் பின்னால் வருவது அவளுடைய சொந்தச் சரக்கு.

“இதே ஆத்துல ஒரு நாள் சங்கு ஊதாம தண்ணி விட்டாங்க. என் தங்கச்சி போயிட்டா. ஊதாத மனுஷன் பச்சை கேட் வீட்டுல நல்லா இருக்கார்.”

பச்சை கேட் வீடு ஆற்றங்கரைச் சாலையிலேயே இருந்தது. வேன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவளும் தங்கையும் சலவைக்காரிகள். ஆஸ்பத்திரியின் விரிப்புகளும் விடுதியின் தலையணை உறைகளும் அவர்கள் கையில்தான் வெளுத்தன. அணை வருவதற்கு முன்னால் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது டீசல் இன்ஜின் கொட்டகை ஒன்று. அதன் புகைபோக்கி காற்றடிக்கும் திசையெல்லாம் கரியைத் துப்பும். காயப்போட்ட விரிப்பை மடிக்கப் போனால் கறுப்புப் பொட்டுகள் விழுந்திருக்கும். மறுபடி துவைக்க வேண்டும். அவர்களுடைய அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். தவிர, மழைக்காலம் வந்தால் ஆறு கீழத்தெருவுக்குள் நுழைந்து அடுப்புவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

அணை கட்டினார்கள். கொட்டகையை இழுத்து மூடினார்கள். புகை நின்றது, வெள்ளம் நின்றது. சகோதரிகள் இருவரும் கீழத்தெருவிலேயே தைரியமாக ஒரு கடை பிடித்தார்கள், மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கினார்கள். கொடியில் வெள்ளை வெள்ளையாகவே காய்ந்தது. “இந்த அணையைக் கட்டினவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்பாள் தங்கை. அவர்களுக்கு நேர் எதிர்வீட்டில், அணைக்குள் நிலம் முழுகிக் கீழே இறங்கி வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரி இதைக் கேட்டுக் கதவைப் படீரென்று சாத்துவாள். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு வேப்பங்காய். ஆற்றில் வலை போட்டவர்களும் மீன் குறைந்துபோனது என்று முணுமுணுத்தார்கள். சகோதரிகள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் பாடு அவரவருக்கு.

தங்கைக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். அக்கரையில் இரண்டு பேர் குசுகுசுத்தால் இக்கரையில் இவள் பதில் சொல்வாள். அக்கா அதிகம் பேசமாட்டாள். தங்கை பேசிப் பேசி அக்காவுக்குப் பேச இடமே வைக்கவில்லை என்பார்கள்.

ஆற்றின் நடுவில் தட்டையான பாறைகள் இருந்தன. தண்ணீர் தாழ்ந்திருக்கும்போது அங்கே போய்த் துவைத்து, அந்தப் பாறைச் சூட்டிலேயே காயவைத்து, மடித்து எடுத்து வருவார்கள். நிலையத்துச் சங்கு ஊதினால் பத்து நிமிடம் கழித்துத்தான் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் மூட்டை கட்டிக் கரையேறிவிடலாம். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் துவைப்பு முடிந்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா கரைக்கு நடந்தாள். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஆற்றின் நிறம் மாறியிருந்தது. சங்கு ஊதவில்லை. தங்கை விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பாறைமேல் நின்று, “அக்கா, தண்ணி!” என்று கத்தினாள். அக்கா இடுப்பளவு இறங்கினாள். அதற்குமேல் கால் தரையில் பாவவில்லை. யாரோ பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அவள் தலையைத் தூக்கியபோது பாறை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

தங்கையின் உடல் மறுநாள் மணல்மேட்டில் ஒதுங்கியது. விரிப்பு அவள் மேல் சுற்றியிருந்தது.

விசாரணை நடந்தது. அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருந்தவர் ஷிப்ட்காரர். நெடுநெடுவென்று, மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். அந்தச் சட்டைகளை வெளுத்துக் கொடுத்ததும் இந்தச் சகோதரிகள்தான். அவர் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார்: “சங்கு ஊதினோம். துணி அடிக்கிற சத்தத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காது. பாவம், அந்தப் பொண்ணுக்குக் காதும் கொஞ்சம் மந்தம்னு கேள்விப்பட்டேன்.”

அவள் எழுந்தாள். “நாங்க மடிச்சுக்கிட்டிருந்தோம். மடிக்கிற சத்தத்துல சங்கு கேக்காதா?”

ஊரில் பாதிப் பேருக்கு நிலையத்தில்தான் சோறு. சங்கு ஊதவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டால், நான் தூங்கிட்டேன், நான் ஊர்ல இல்லை, எனக்கு ஞாபகமில்லை என்றார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று அவள் பேச்சை ஒதுக்கிவிட்டார்கள். ஷிப்ட்காரர்மேல் தப்பில்லை என்று முடிவானது.

செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பாம்புக்காதுக்காரியைச் செவிடி என்று சொல்லிவிட்டானே என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தைத்த முள்ளை அவள் எடுக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சமாதானமாக ஏதாவது வேலை தருகிறோம் என்றது நிலையம். கூட்டுகிற வேலை, கேண்டீன் வேலை என்று எதையெதையோ காட்டினார்கள். இனிமேல் சங்கோடு வேனிலும் போய் எச்சரிக்க வேண்டும் என்று அப்போதுதான் புதிதாக உத்தரவு வந்திருந்தது. “அந்த மைக்கைக் குடுங்க” என்றாள் அவள். வாயே திறக்காதவளுக்கு மைக்கா என்று சிரித்தபடி கொடுத்துவிட்டார்கள்.

பல வருடங்கள் நிலையம் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் அவள் சொன்னாள். வேன் ஓடாத நேரத்தில் சலவைக் கடையையும் விடாமல் நடத்தினாள். குரல் தெளிவாக, கடுமையாக இருக்கும். அவள் காலத்தில் ஆற்றில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பிறகு ஷிப்ட்காரர் ஓய்வு பெறும் நாள் வந்தது. கேண்டீனில் விருந்து. எல்லோரும் புகழ்ந்தார்கள். கடைசியில் அவர் கழுத்து மாலையோடு எழுந்து, “எத்தனையோ வருஷ சர்வீஸ். ஒரு கறை கிடையாது. அந்த நிம்மதியோட போறேன்” என்றார்.

தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள் அவள். கறை என்ற சொல்லை அவளிடமா? எந்தக் கறை வெந்நீரில் போகும், எது எலுமிச்சைக்குப் போகும், எது துணி கிழிந்தாலும் போகாது என்று அறிந்தவள். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில்தான் அந்தச் சொந்தச் சரக்கு முதல் தடவையாக ஆற்றங்கரையில் ஒலித்தது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

“என்னக்கா இது?”

“அறிவிப்பு. வண்டியை எடுங்க.”

மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். “அரசாங்க மைக்குல சொந்தப் பகையைப் பேசக் கூடாதும்மா.”

“பொய் பேசினா நிறுத்துங்க சார். நான் சொன்னதுல எது பொய்? சங்கு ஊதலைங்கிறதா, என் தங்கச்சி செத்ததா, அவர் நல்லா இருக்கார்ங்கிறதா?”

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அவளை ஆபீசில் உட்காரவைத்துவிட்டு, பதிவு செய்த ஒரு பெண் குரலை வேனில் போட்டு அனுப்பினார்கள். தேன் ஒழுகும் குரல். சோப்பு விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு தூண்டில்காரன் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கயிறு போட்டு இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அவன் கரையேறிய கையோடு நேராக ஆபீசுக்குப் போய், சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, “அந்த அக்காவையே திட்டச் சொல்லுங்க சார், அப்பத்தான் ஏறத் தோணும்” என்று கத்தினான். அவளையே திரும்ப வேனில் ஏற்றினார்கள். அவள் வாயை அடைக்க அதற்குமேல் யாரும் முயலவில்லை.

ஷிப்ட்காரர் ஆறு தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியதுதான் அந்தப் பச்சை கேட் வீடு. ஆற்றுப் பக்கத்து ஜன்னல்களை முதலில் சாத்தினார். பிறகு திரை போட்டார். வேன் வரும் நேரத்தில் ரேடியோவை அலறவிட்டார். கடைத்தெருவில் அவர் வந்தால் பேச்சு பாதியில் நிற்கும். சிறுபிள்ளைகள் அந்த வீட்டைச் சங்கு வீடு என்று சொல்லத் தொடங்கினார்கள். இதையெல்லாம் டிரைவர் வழியாகவும் கடைக்காரர் வழியாகவும் கேட்டுத் தெரிந்துகொள்வாள் அவள். கேட்ட அன்று அவளுக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஒரு நாள் ஷிப்ட்காரரின் மனைவி கீழத்தெருவுக்கு வந்தார். நல்ல மனுஷி. சலவைக்குத் துணி கொடுத்த காலத்தில் தங்கையோடு வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசிச் சிரித்தவர்.

“எங்க வீட்டைத் தாண்டும்போது மட்டும் அதைச் சொல்லாம இருக்கக் கூடாதாம்மா? அவர் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“அவர் வந்து கேக்கட்டும்மா.”

“வரமாட்டார். உங்களுக்கே தெரியும்.”

“அப்ப நானும் நிறுத்தமாட்டேன். உங்களுக்கும் தெரியும்.”

அந்த அம்மாள் கொடியில் தொங்கிய விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து போய்விட்டார். அவர் முதுகைப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சாயங்காலம் பச்சை கேட் வந்ததும் குரலை இறக்கவில்லை.

“ஏன்க்கா, இந்த அணையையே நீங்க வெறுக்கலையா?” என்று டிரைவர் ஒரு தடவை கேட்டார்.

“அணை மேல எனக்கென்ன கோபம்? அது சிமெண்ட்டு. புகை இல்ல, வெள்ளம் இல்ல, வீட்டுல விளக்கெரியுது. எதிர்வீட்டுக்காரி நிலம் போச்சு, அது அவளுக்கு வெறுப்பு, நியாயம்தான். எனக்கு ஒரே ஒரு ஆள் மேலதான் கணக்கு.”

அதன்பின் மழை பொய்த்தது. ஒரு பருவம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அணையின் அடிவயிறு தெரிந்தது. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தண்ணீரை நம்பிய மின்சாரம் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்யும்? ஊர் இருண்டது. இஸ்திரிப் பெட்டிகள் குளிர்ந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் வாடகைக்கு எடுத்த டீசல் இன்ஜின் மறுபடி கரியைத் துப்பியது. பழைய கறுப்புப் பொட்டுகள் விரிப்புகளில் வந்து உட்கார்ந்தன. ஆற்றில் விடத் தண்ணீர் இல்லை, எச்சரிக்க வேண்டியதும் இல்லை. வேன் கொட்டகையில் நின்றது.

தண்ணீர் வற்றிய ஆற்றில் ஒரு நாள் அவள் அந்தத் தட்டைப் பாறைக்கு நடந்து போய் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் ஒருவர் கம்பு ஊன்றி மணலில் வந்துகொண்டிருந்தார். மைக் சத்தம் ஓய்ந்த தைரியத்தில் வீட்டைவிட்டு வெளியே நடக்கத் தொடங்கியிருந்த ஷிப்ட்காரர். அவளைக் கண்டதும் திரும்பிப் போகத்தான் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்து சற்றுத் தள்ளி நின்றார். மடிப்பு நிற்காத சட்டை. கன்னம் உள்ளே போயிருந்தது.

“அன்னைக்குப் பெரிய நகரத்துல ஒரு நிலையம் திடீர்னு நின்னுபோச்சு” என்றார், யாரோ கேள்வி கேட்டதுபோல. “போன் வந்துச்சு. உடனே கரண்ட் குடுக்கலைன்னா மொத்த ஊரும் இருட்டாயிடும்னாங்க. நிலக்கரி நிலையத்துக்கு அடுப்பு மூட்டவே அரை நாள் வேணும். நம்ம மெஷின்தான் குழாயைத் திறந்த மாதிரி உடனே ஓடும். ஆஸ்பத்திரி, ரயிலு, எல்லாத்தையும் நெனச்சேன். சங்கு ஊதினா பத்து நிமிஷம் நிக்கணும். நிக்க நேரமில்ல. திறந்துட்டேன்.”

“ஊதிட்டே திறந்திருக்கலாமே?” என்றாள் அவள். “நிலையத்துல இருந்து இந்தப் பாறைக்குத் தண்ணி வந்து சேர நேரமாகுமே. அதுக்குள்ள அவ ஓடி வந்திருப்பாளே.”

அவர் கம்பால் மணலைக் கிளறினார். “அது எனக்கு அப்பறம்தான் தோணுச்சு.”

கையெட்டும் தூரத்தில் ஒரு கல் கிடந்தது. அதை எடுக்க அவள் கை பரபரத்தது. அவர் வயதானவர், தனியாக இருக்கிறார், ஆற்றில் யாரும் இல்லை. கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

“நீங்க திறந்ததைக்கூட நான் விட்டிருப்பேன். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நாலு நாள் அழுதுட்டு, நாலு உயிர் பிழைச்சுதேன்னு மனசைத் தேத்தியிருப்பேன். அவளைச் செவிடின்னு சொன்னீங்களே. செத்தவ மேல பழியைப் போட்டுட்டு மாலை போட்டுக்கிட்டீங்களே.”

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“மைக்குல சொல்லுங்க. ஒரு தடவை. அதோட நான் நிறுத்திடறேன்.”

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. அணை நிறைந்தது. மறுபடி மெஷின் ஓடப்போகிறது என்று தெரிந்ததும் ஊரே கரையில் கூடிவிட்டது. விளக்கெரியப் போகிற சந்தோஷம். வேன் பச்சை கேட்டை நெருங்கியபோது கேட் திறந்தது. ஷிப்ட்காரர் தேய்த்த சட்டையோடு வெளியே வந்து கையை நீட்டினார். அவள் மைக்கைக் கொடுத்தாள்.

“அன்னைக்கு ஷிப்ட்ல இருந்தது நான்தான். சங்கு ஊதலை. அந்தப் பொண்ணுக்குக் காது நல்லா கேக்கும்.”

“கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவர் இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லப் போனார். அவருடைய மனைவி வந்து மைக்கை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்.

அவளுக்கு இனித்தது. உடம்பெல்லாம் இனித்தது. அன்று வீட்டுக்குப் போய்த் தங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், சிரித்தாள். ஆனால் விடிந்தபோது அந்த இனிப்பைத் தேடிப் பார்த்தால் காணவில்லை. முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை வருடம் நான் தினம் சொன்னேன், அவன் ஒரு நாள் சொன்னால் சரியாகிவிடுமா என்று தோன்றியது.

காலை வேன் பச்சை கேட்டைத் தாண்டும்போது அவள் வாய் தானாகத் திறந்தது. “இதே ஆத்துல ஒரு நாள் சங்கு ஊதாம தண்ணி விட்டாங்க. என் தங்கச்சி போயிட்டா. ஊதலைன்னு அவரே ஒத்துக்கிட்டார்.”

பாறையில் அவள் கொடுத்த வாக்கை அவள் வாயாலேயே கேட்டிருந்த டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். “பேச்சு மாறலாமாக்கா?”

கேட் பக்கம் ஷிப்ட்காரரின் மனைவி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர். வேன் அருகே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பொய் சொல்ற ஆள் எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கார்னு நெனச்சேன்.”

செருப்பால் அடித்திருந்தாலும் அவளுக்கு அப்படிச் சுருக்கென்று இருந்திருக்காது. ஆனாலும் சாயங்காலமும் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். தான் செய்வது நியாயமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. நியாயத்தைக் காட்டிப் பகையை அடக்க முடிந்திருந்தால் என்றைக்கோ அடக்கியிருப்பாள்.

கொஞ்ச நாள் கழித்து டிரைவர் ஒரு காரியம் செய்தார். பச்சை கேட்டுக்கு நாலு வீடு முன்னால், அவள் தண்ணீர் அறிவிப்பை முடித்ததும், ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுத்து ஒலிபெருக்கியின் ஸ்விட்சை அணைத்தார். கேட்டைத் தாண்டியதும் போட்டார். அவள் தன் சரக்கை முழுதாகச் சொல்லி முடித்தாள். அது வேனுக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. ஸ்விட்ச் அணைந்ததை அவள் கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு காலையும் மாலையும் அப்படியே நடந்தது.

பச்சை கேட் வீட்டில் ஜன்னல்கள் திறந்தன. ஷிப்ட்காரர் வராந்தாவில் நாற்காலி போட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். வேன் போகும்போது அவள் உதடு அசைவது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் எழுந்து போனதில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து அவர் இறந்துபோனார். அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கூட்டம் நின்றது. டிரைவர் ஸ்விட்சில் கை வைத்துக் காத்திருந்தார். அவள் தண்ணீர் அறிவிப்பைச் சொன்னாள். மைக்கை மடியில் வைத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றார் டிரைவர்.

“தண்ணி வருதுன்னு சொல்லியாச்சுல்ல. போலாம்.”

மன்னித்துவிட்டாயா என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. “மன்னிப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல” என்பாள். “கேக்கறதுக்கு ஆள் இல்லாத வீட்டைப் பார்த்து எதுக்குத் தொண்டையைக் கிழிச்சுக்கணும்?” ஷிப்ட்காரரின் மனைவி வெளியூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். போகிற அன்று கீழத்தெரு வழியாகத்தான் வண்டி போனது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளும் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. கதவிடுக்கு வழியாக அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.